மூன்றில் ஒரு பங்கு சூடு

என் பெயர் ஜுரேமா. வார்ஜெம் ஃப்ரியா என்கிற எங்கள் மலையூரில் ஒயர் வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. இருந்த இன்னொருவன் போன வருஷம் கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டான். அவன் போனதிலிருந்து, பொம்பளை போட்ட ஒயர் என்றைக்குப் புகையும் என்று பார்ப்பதற்கென்றே பேக்கரி வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்காரட்டும், நாற்காலி தேய்ந்தால் எனக்கென்ன.

ஏப்ரலில் எங்கள் கால்பந்து கிளப்பில் உடைமாற்றும் அறைகளைப் புதுப்பித்தார்கள். நம் பக்கம் மூன்று ஷவர், வெளியூர் அணிக்கு மூன்று ஷவர். எல்லாம் கரன்டில் தண்ணீரைச் சுட வைக்கும் ஷவர். ஒயர் வேலை என்னுடையது. ஷவருக்கு ஒன்றாகக் கனத்த ஒயர் இழுத்தேன், தனித்தனி டிரிப்பர் போட்டேன், எர்த் கம்பி கொடுத்தேன். ஆறு முனையிலும் அளந்து, 127 வோல்ட் வருகிறது என்று கிளப் தலைவர் ஒடிலோனிடம் காட்டினேன். இரண்டு ஃபேஸ் கொடுத்து 220-க்கே போட்டுவிடலாம், கரன்ட் குறைவாக இழுக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். கடைத்தெருவில் கிடைப்பதெல்லாம் 127 ஷவர்தான், மாற்றுச் சாமான் தேடி யார் அலைவது என்றார். அதுவும் நியாயம்தான், விட்டுவிட்டேன்.

ஷவரை மாட்டியது நான் இல்லை. எங்கள் நாட்டில் ஷவர் மாட்ட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அந்த ஆம்பளைக்கு மானக்கேடு. கிளப்புக்குச் சாமான் வாங்கும் அதல்பெர்தோவே ஆறையும் வாங்கி, மே மாதக் கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி, விசிலடித்துக்கொண்டு மாட்டினான். மாட்டியபின் நான் திரும்பப் போய் அளந்து பார்க்கவில்லை. அது என் தப்பு, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம். எங்களுக்கு ஜூன்தான் குளிர்காலம். மேய்ச்சல் நிலமெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தது. எதிரணி பெத்ரா ஆல்தா, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். எங்கள் கோல்கீப்பர் என் புருஷன் வால்தெசி. ஆள் இருக்கிற அகலத்துக்கு ஊரே அவனை ஃபிரிட்ஜ் என்றுதான் கூப்பிடும். முப்பத்தெட்டு வயது. இருபது வருஷமாக ஆடுகிறான், ஒரு இறுதி ஆட்டம் பார்த்ததில்லை. அன்று கடைசி நிமிஷத்துப் பெனால்டியை முழங்காலாலோ எதாலோ தடுத்தான். இரண்டுக்கு ஒன்று, ஜெயித்துவிட்டோம். நான் தொண்டை போகக் கத்தினேன்.

கால் மணி நேரத்தில் வேறு கத்தல் கேட்டது. பெத்ரா ஆல்தா கேப்டன் தொனிசேத்தி, கசாப்புக் கடைக்காரர், இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக நடைக்கே வந்துவிட்டார்.

"தோத்தவன் குளிரட்டும்னு ஐஸ் தண்ணியா விடுறீங்க? மூணு ஷவர்ல ரெண்டு பச்சத் தண்ணி! இதெல்லாம் ஒரு பொழப்பா?"

லீக்கின் பிரதிநிதி எவரிஸ்தோ அங்கேயே இருந்தார். மருந்துக் கடை வைத்திருப்பவர். காரிலிருந்து பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டும் தெர்மாமீட்டரை எடுத்து வந்து, மஞ்சள் வாத்து பொம்மை போட்ட அதைத் தண்ணீரில் பிடித்து, முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். ஒரு ஷவர் முப்பத்தேழு டிகிரி. மற்ற இரண்டும் இருபத்தொன்று. வெளியூர் அணிக்கு வேண்டுமென்றே வெந்நீர் மறுத்தால் மைதான உரிமை போய்விடும் என்பது லீக் விதி. இறுதி ஆட்டத்தை வேறு ஊரில்தான் ஆட வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு விசாரணை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் ஒடிலோன் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தார். சூடான சீஸ் உருண்டையை ஊதி ஊதித் தின்றார், இரண்டு காப்பி குடித்தார். பிறகுதான் சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். டைப் அடித்து, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

"ஒயர் வேலை செஞ்சவரோட கவனக்குறைவால இப்படி ஆயிடுச்சுன்னு ஒரு வரிதாம்மா. கிளப் வேணும்னு செய்யலன்னு ஆயிடும். ஃபைனல் நம்ம ஊர்லயே நடக்கும்."

"என் ஒயர்ல என்ன குறை கண்டீங்க?"

"குறை இருக்கோ இல்லையோ... தண்ணி சுடலையே. ஒயர் எங்கயாவது லூசா இருக்கும். மனுஷங்கதானே, யாருக்கும் வர்றதுதான்."

"லூசா இருக்கிறது ஒயரா வேற எதாவதான்னு அளந்தா தெரிஞ்சுட்டுப் போவுது."

"அளக்கிறதெல்லாம் அப்புறம் அளந்துக்கலாம் ஜுரேமா. பத்து மணிக்கு விசாரணை. ஊருக்காக ஒரு கையெழுத்து. ஃபிரிட்ஜுக்காகன்னு வச்சுக்கயேன்."

வால்தெசியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"நீ என்ன சொல்ற?" என்றேன்.

"நீ என்ன சொல்றியோ அதான்."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. போடாதே என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லையே! இறுதி ஆட்டம் வேண்டும், அதைக் கேட்க வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். வயிற்றெரிச்சலாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அவனுக்கு ஆட்டம் கிடைக்கும். ஆனால் அன்றோடு என் பெயர் காலி. இந்த மலையில் எவன் எனக்கு வீட்டுக் கதவைத் திறப்பான்?

தாளை நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்தேன்.

"பத்து மணிக்கு என் மீட்டரோட வர்றேன். என் ஒயர்ல குறை இருந்தா அங்கயே எல்லார் முன்னாடியும் கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா இந்தத் தாள்ல நாளைக்கு சீஸ் உருண்டை வச்சுத் திங்கலாம்."

நம் அணியின் உடைமாற்றும் அறையில்தான் விசாரணை. எவரிஸ்தோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தொனிசேத்தி, இந்தத் தடவை சட்டையோடு. ஒடிலோன் நகம் கடித்துக்கொண்டிருந்தார். அதல்பெர்தோ கை கட்டிச் சுவரில் சாய்ந்து நின்றான், என்னமோ மாமனார் வீட்டுக்கு வந்த மாதிரி. கோச் ஆட்டம் வரைந்து காட்டும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு நான் சாக்பீஸ் எடுத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஷவருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் சுருள் கம்பியை எங்கள் ஊரில் யாரும் சுருள் என்று சொல்ல மாட்டார்கள். தடை என்பார்கள். தடை எரிந்துபோச்சு, கடைக்குப் போய் ஒரு தடை வாங்கி வா, இந்தத் தடை நல்லாச் சுடும். இப்படிப் பேசிப் பேசியே, தடை பெரிதாக இருந்தால் தண்ணீர் அதிகம் சுடும் என்று ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. அன்று அதல்பெர்தோ வாயைத் திறந்ததும் அதைத்தான் சொன்னான்.

"ஷவர்ல குறையே இல்ல. நான் வாங்கினது ஒண்ணாம் நம்பர் சரக்கு. ஆறுலயும் 5500 வாட்னு போட்டிருக்கு. தடை அவ்வளவு கனம்! ஒயர்தான் பத்தல."

"தடை கனமா? நல்லது, அளந்துடுவோம்" என்றேன்.

நடையில் இருந்த மின்பலகையின் மூடியைக் கழற்றினேன். தொனிசேத்தியையே வெளியூர் அறைக்கு அனுப்பி முதல் ஷவரைத் திறக்கச் சொன்னேன். கிளாம்ப் மீட்டரின் வாயைத் திறந்து அந்த ஒயரைக் கவ்வ விட்டேன். 42.3 ஆம்பியர். ஷவர் முனையின் இணைப்புப் பெட்டியில் வோல்ட் பார்த்தேன், 124. எவரிஸ்தோவைக் கூப்பிட்டு இரண்டு எண்ணையும் அவர் கண்ணால் பார்க்க வைத்தேன். பிறகு இரண்டாவது ஷவர். 14.3 ஆம்பியர், 126 வோல்ட். மூன்றாவதும் அச்சு அசல் அதே எண்.

கரும்பலகைக்கு வந்து எழுதினேன்.

"வோல்டை ஆம்பியரால பெருக்கினா வாட். நூத்தி இருபத்தி நாலையும் நாப்பத்தி ரெண்டு புள்ளி மூணையும் பெருக்குங்க."

எவரிஸ்தோ மருந்துக்கடைக்காரர், கணக்குக்கு இயந்திரம் தேவையில்லை. "ஐயாயிரத்தி இருநூத்தி நாப்பத்தஞ்சு."

"இது சுடுற ஷவர். இப்ப சுடாதது. நூத்தி இருபத்தாறு, பதினாலு புள்ளி மூணு."

"ஆயிரத்தி எண்ணூறு." அவர் தன் நோட்டைப் புரட்டினார். "குழாய்த் தண்ணி பன்னெண்டு டிகிரி. ஒண்ணு இருபத்தஞ்சு டிகிரி ஏறியிருக்கு, இன்னொண்ணு ஒம்பது. மூணுல ஒரு பங்கு."

"வாட்டும் மூணுல ஒரு பங்கு. உங்க வாத்து பொய் சொல்லல சார்."

தொனிசேத்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதல்பெர்தோ விடவில்லை.

"அதான் சொல்றேனே, கரன்டு வரலன்னு! ஒயரு பத்தலன்னு!"

"அவசரப்படாதீங்க. என் ஒயர் பத்தலன்னா வோல்ட் வழியிலயே குறைஞ்சு போய், ஷவர் முனையில நூறோ தொண்ணூறோதான் காட்டும். இங்க 126 காட்டுது, சுடுற ஷவரைவிட ரெண்டு வோல்ட் அதிகம். வாசல் வரைக்கும் கூட்டம் முழுசா வந்து நிக்குது. உள்ள விடாதது வாசல். வாசல் உங்க ஷவர்."

அடுத்த கணக்கை எழுதினேன். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. 124-ஐ 42.3-ஆல் வகுத்தால் மூன்று ஓம்முக்குக் கொஞ்சம் குறைவு. 126-ஐ 14.3-ஆல் வகுத்தால் 8.8.

"ஒண்ணு மூணு ஓம், ஒண்ணு ஒம்பது ஓம். நீங்க சொன்னது சரிதான் அதல்பெர்தோ, தடை ரொம்பக் கனம்தான். அதனாலதான் சுடல! தடைன்னா தடுக்கிறது. அதிகமாத் தடுத்தா கரன்டு எப்படி நுழையும்?"

அவன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"8.8 ஓம் சுருள்ல 5500 வாட் வரணும்னா எத்தனை வோல்ட் வேணும்? 5500-ஐ 8.8-ஆல பெருக்கினா நாப்பத்தெட்டாயிரத்தி நானூறு. அதோட வர்க்கமூலம் 220. இது 220 வோல்ட் ஷவர். நான் இன்னும் ஸ்டூல்ல ஏறல, லேபிளும் பார்க்கல. ஏறிப் பாருங்க."

அதல்பெர்தோ வெளியூர் அறைக்குப் போய், தான் மாட்டிய ஷவருக்கே திரும்ப ஏறினான். லேபிள் மேல்பக்கம், கூரையைப் பார்த்து ஒட்டியிருந்தது. கைபேசியை நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தான். 5500 என்று கொட்டை எழுத்து. அதன் கீழே எறும்பு போல 220.

"எங்க வாங்கினீங்க?" என்றார் எவரிஸ்தோ.

"மூணு இங்க கடைத்தெருவுல... மூணு ஃப்ளோரியனோபொலிஸ்ல. அக்கா பொண்ணு கல்யாணத்துக்குப் போனப்ப." அவன் குரல் ஸ்டூலுக்கு அடியில் போய்விட்டது. "தள்ளுபடியில கிடைச்சுது. ஷவர்னா ஷவர்தானேன்னு..."

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு 220. இங்கே வீட்டுக்கு வீடு 127. ஒரே நாடு, ஒரே மாதிரி பெட்டி, ஊருக்கு ஊர் வேறு வோல்ட். குடிபோகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு மிக்ஸியாவது எரிக்காமல் இருக்க மாட்டார்கள்.

என் ஒயர் தப்பித்தது. ஏப்ரன் பையிலிருந்த தாளை எடுத்து ஒடிலோன் கையில் திரும்பக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்ட முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகுதான் எனக்கும் உறைத்தது. குற்றம் இப்போது கிளப்பின் தலையில்.

தொனிசேத்தி எழுந்தார். "ஆக, மூணு நல்ல ஷவர், மூணு சொத்தை ஷவர். சொத்தையெல்லாம் எங்க பக்கம் வந்தது தானா வந்ததா? உங்க பக்கத்தையும் அளந்து காட்டு தாயி. மூணும் நாப்பத்தி ரெண்டு காட்டினா, வேணும்னே செஞ்சதுதான்."

"உங்க பக்கம் ரெண்டுதான் சொத்தை. மூணாவது எங்கன்னு நீங்களே கேளுங்க" என்றேன்.

"வீட்டுக்குக் கொண்டு போயிருப்பான், யாரு கண்டா?"

ஒடிலோன் என் முழங்கையைப் பிடித்துக் காதில் சொன்னார். "வேணாம் ஜுரேமா. உன் பேரு காப்பாத்தியாச்சு. இதோட விட்டுடு."

அதல்பெர்தோவைப் பார்த்தேன். எதை எங்கே மாட்டினான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை, பேயறைந்தவன் மாதிரி நின்றான். வாசலில் வால்தெசி வந்து நின்றிருந்தான். மூன்றும் நாற்பத்திரண்டு காட்டினால், அவனுடைய இறுதி ஆட்டத்தை என் கையாலேயே கழற்றிக் கொடுத்தவளாவேன். ஆனால் பாதி அளந்துவிட்டுப் பாதியை மூடி வைக்க என்னால் ஆகாது. வெளியூர்ப் பக்கம் நிஜம் சொன்ன மீட்டர் நம் பக்கமும் நிஜம்தான் சொல்லும்.

"தண்ணியத் திறங்க" என்றேன்.

நம் பக்கம் முதல் ஷவர், 42.4. இரண்டாவது, 42.3. தொனிசேத்தி தலையை ஆட்டிக்கொண்டே மூன்றாவது குழாயைத் திறந்தார். நான் கிளாம்பை மாற்றினேன். 14.3.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். 14.3. எவரிஸ்தோ மீட்டரை எட்டிப் பார்த்தார். தொனிசேத்தி தண்ணீரில் கையை வைத்து "ஐயய்யோ" என்று இழுத்துக்கொண்டார்.

"இந்த ஷவர்ல யாரு குளிக்கிறது?" என்றார் எவரிஸ்தோ.

கொக்கியில் என் வீட்டுத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நான் பச்சை நூலால் தைத்த ஒட்டு. கோல்கீப்பருக்கு மூன்றாவது ஷவர் என்பது எங்கள் கிளப்பில் வழக்கம், வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

"எத்தனை நாளா?" என்று வால்தெசியைக் கேட்டேன்.

"மாட்டினதுலேர்ந்து."

"மூணு வாரம்! வாரத்துக்கு மூணு நாள் பயிற்சி, அப்புறம் ஆட்டம்! இந்தக் குளிர்ல! ஏன்யா சொல்லல?"

அவன் எல்லார் முன்னாடியும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேக்கரி வாசல்ல நாலு பேர் காத்துக்கிட்டு இருக்கான். ஜுரேமா போட்ட ஷவர் சுடலன்னு அவ புருஷனே சொன்னான்னு ஆயிடாது? உன் வேலையில குறை இருக்காதுன்னு தெரியும். வேற எதாவதுன்னு தோணுச்சு. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"காலையில அந்தத் தாளோட வந்தாரே, அப்பவாவது?"

"போடாதன்னு சொன்னா, நான் ஃபைனலை விட்டுக்குடுக்கிறேன்னு நினைச்சு நீ எனக்காகவே போட்டுடுவ."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அறையில் ஐந்து பேர் நிற்கிறார்கள், கையில் மீட்டர். அவனை அங்கேயே கட்டிப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஸ்க்ரூடிரைவரால் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. காலையில் அவனைப் பற்றி நினைத்ததை எண்ணி வெட்கமாக இருந்தது.

"மடையா" என்றேன். "என்கிட்ட சொல்லியிருந்தா மூணு நிமிஷத்துல அளந்திருப்பேன். குறை இல்லாத வேலைய எதுக்குப்பா மூடி வைக்கணும்?"

எவரிஸ்தோ நோட்டில் எழுதி, எழுதியதைப் படித்தார். சொந்தக் கோல்கீப்பரையே மூன்று வாரம் பச்சைத் தண்ணீரில் நிறுத்திய கிளப்புக்கு, அடுத்தவனைப் பழிவாங்கும் சாமர்த்தியம் இருப்பதாகத் தெரியவில்லை. தவறுதலாக நடந்தது. ஆறு ஷவரும் சுட்டால் இறுதி ஆட்டம் இங்கேயே.

"ஃபைனலுக்குள்ள புது ஷவர் வாங்கிடுறோம்" என்றார் ஒடிலோன் அவசரமாக.

"எதுக்கு? ஷவர் நல்ல ஷவர். 220 கேக்குது, 220 குடுத்தா போச்சு."

மின்பலகையிலேயே மூன்று ஃபேஸ் இருக்கிறது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 127, இரண்டு ஃபேஸுக்கு நடுவே 220. மெயினை அணைத்தேன். அந்த மூன்று ஷவருக்கும் போகும் நீல ஒயரை நியூட்ரலிலிருந்து கழற்றி, இனி இது நியூட்ரல் இல்லை என்று தெரிய இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றினேன். வண்டியிலிருந்த இரட்டை டிரிப்பர்களை மாட்டி இன்னொரு ஃபேஸில் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. மெயினைப் போட்டுவிட்டு மூன்றாவது ஷவரைத் திறக்கச் சொன்னேன். 24.8 ஆம்பியர், 218 வோல்ட்.

"ஐயாயிரத்தி நானூறு" என்றார் எவரிஸ்தோ, நான் கேட்பதற்கு முன்பே.

தொனிசேத்தி தலையை நீட்டினார், சட்டையோடு முழுசாக நனைந்தார். "சுடுதுடா!" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க ஊர் கிளப்புல ஒயரெல்லாம் எலி கடிச்ச மாதிரி கிடக்கு. வந்து பாக்குறியா தாயி?" என்றார்.

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். இரண்டாவது பந்தை வால்தெசி பிடித்திருக்கலாம், அதை அவனிடமே சொல்லிவிட்டேன். ஆட்டம் முடிந்து அவன் குளிக்கப் போனபோது நான் நடையில் மின்பலகையைத் திறந்து, அவன் ஷவரின் ஒயரில் கிளாம்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அளக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நடுவில் அவன் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது. இருபது நிமிஷம் குளித்தான். கடைசி வரை 24.8.